காம்ப் பெர்ரியின் மூன்று துப்பாக்கிகள்

போர்க்களத்துக்கென வகுக்கப்பட்ட துப்பாக்கியினிடத்தில் இலக்குப் போட்டிக்குரிய துல்லியத்தையும் எதிர்பார்ப்பது, ஒன்றோடொன்று எளிதில் இணங்காத இரண்டு கடமைகளை ஒரே கருவியின்மீது சுமத்துவதாகும். சேறும் மணலும் புகுந்த நிலையிலும், எண்ணெய் காணாத நாட்களிலும் அது தயங்காமல் இயங்க வேண்டுமானால், அதன் பாகங்களுக்கிடையே சிறிது தளர்ச்சி இருந்தாக வேண்டும். குண்டு ஒவ்வொன்றும் முன் சென்ற குண்டின் வழியையே பற்றிச் செல்ல வேண்டுமானாலோ, அதே பாகங்கள் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் சிறிதும் பிசகாமல் தத்தம் பழைய இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். ஒரு சூட்டின் வாயுவைக்கொண்டே அடுத்த தோட்டாவைத் தானாக அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த முரண்பாடு இன்னும் தீவிரமாகிறது. கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் பழைய ரைபிளில் அசையும் பாகங்கள் சிலவே. இதிலோ, பிஸ்டனும் தண்டும் போல்ட்டும் சூட்டுக்குச் சூடு பின்னோக்கி ஓடி, முன்னோக்கித் திரும்பி, ஒன்றையொன்று மோதி நிற்கின்றன. அவ்வளவு அசைவுக்குப் பின்னும் எது மாறாமல் இருக்கிறது என்ற கேள்வியே, இவ்வகைத் துப்பாக்கிகளின் துல்லியத்தை ஒப்பிடப் புகுவோர் முதலில் எழுப்ப வேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

இந்த ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் தேசியத் துப்பாக்கிப் போட்டிகளைப் போல வாய்ப்பான பரீட்சைக்களம் வேறில்லை. 1903-ஆம் ஆண்டில் நியூ ஜெர்ஸி மாநிலத்து ஸீ கர்ட்டில் தொடங்கிய அப்போட்டிகள், 1907-இல் ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையிலுள்ள காம்ப் பெர்ரி என்னும் இராணுவத் திடலுக்கு மாறின. ஏரிக்காற்று ஓயாமல் வீசும் அத்திடலில், இராணுவம் தன் வீரர்களுக்கு வழங்கும் ரைபிளின் வடிவத்தையே கொண்ட துப்பாக்கியால் சுடுவோருக்கென்று தனிப் பிரிவொன்று உண்டு. புறத்தோற்றம் படைத் துப்பாக்கியினுடையதாகவே இருக்க வேண்டும், விசையின் இழுப்பு நாலரை ராத்தலுக்குக் குறையலாகாது என்பவை போன்ற விதிகள், எவரும் போட்டிக்கென்றே ஒரு விசித்திர யந்திரத்தைப் படைத்துக்கொண்டு வருவதைத் தடுத்தன. இத்தகைய கட்டுப்பாட்டுக்குள், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மூன்று துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக அரசோச்சின: எம்-1 காரண்ட், எம்-14, எம்-16. பின் சொன்ன இரண்டின் அரைத் தானியங்கி வடிவங்களை எம்-1ஏ, ஏ.ஆர்.-15 என்ற பெயர்களில் பொதுமக்களும் வாங்கிப் பயின்றனர்.

அளவுகோலை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்கிறோம். ஒரு கலையின் விரிவு 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம், 600 கஜத்தில் ஏறத்தாழ ஆறேகால் அங்குலம். போட்டியின் முழு வரிசையில் 50 சூடுகள்: 200 கஜத்தில் நின்றவாறு நிதானமாகப் பத்து, அதே தூரத்தில் அமர்ந்து 60 விநாடிகளுக்குள் பத்து, 300 கஜத்தில் படுத்து 70 விநாடிகளுக்குள் பத்து, 600 கஜத்தில் படுத்து நிதானமாக இருபது. பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 200, 300 கஜங்களில் 7 அங்குலம். 600 கஜத்தில் 12 அங்குலம். கோணக் கணக்கில் பார்த்தால் அவ்வட்டம் முதல் தூரத்தில் மூன்று கலைக்குச் சற்று மேலும், இரண்டாவதில் இரண்டு கலைக்குச் சற்று மேலும், கடைசியில் இரண்டு கலைக்குச் சற்றுக் குறைவாகவும் அமைகிறது. ஆகவே, தன்னளவிலேயே மூன்று கலைக்குச் சிதறும் துப்பாக்கி, எத்தகைய நிபுணரின் கையில் இருந்தாலும், 600 கஜத்தில் அவருக்குத் துரோகம் செய்தே தீரும்.

சுடுபவரின் பிழையும் துப்பாக்கியின் பிழையும் ஒன்றோடொன்று கூடும் விதம் இங்கே கவனிக்கத்தக்கது. அவை நேராகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் வருவதே மொத்தச் சிதறல். நின்று சுடும்போது உடலின் ஆட்டத்தால் விளையும் சிதறல் மூன்று பங்கு, துப்பாக்கியின் சிதறல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 3.16 பங்கு, அந்தத் துப்பாக்கியை எவ்வளவோ பாடுபட்டுப் பாதிச் சிதறலுக்குக் கொண்டுவந்தாலும் மொத்தம் 3.04 ஆகுமே தவிர அதற்குமேல் குறையாது. அதே மனிதர் படுத்து, தோல்வாரைக் கையில் இறுக்கிக்கொண்டு, தம் ஆட்டத்தை ஒரு பங்குக்குக் குறைத்துவிட்டாலோ, அதே திருத்தம் மொத்தச் சிதறலை 1.41-இலிருந்து 1.12-க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குமேல், குறைத்துவிடும். துப்பாக்கியின் துல்லியம் நல்ல கைக்கே பயன் தருவது என்ற அனுபவ உண்மைக்குக் கணிதம் காட்டும் ஆதாரம் இது. மூன்று துப்பாக்கிகளுக்கும் இடையிலான பேதம் 200 கஜத்தில் மங்கியும் 600 கஜத்தில் பளிச்சென்றும் தெரிவதற்கும் இதுவே காரணம்.

முதலில் காரண்ட். கனடாவின் க்யூபெக் மாகாணத்தில் 1888-இல் பிறந்து, மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையில் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த ஜான் காரண்ட் வகுத்த இந்த ரைபிளை, 1936-இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்டது. எட்டுத் தோட்டாக்களை ஒரே கவ்வியில் அடக்கி மேலிருந்து அழுத்தி ஏற்றும் இத்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ ஒன்பதரை ராத்தல். குழலின் நீளம் 24 அங்குலம். குழல்வாய்க்கு அருகே துளைத்த ஒரு சிறு துவாரத்தின் வழியாக வாயு கீழேயுள்ள சிலிண்டருக்குள் புகுந்து, நீண்டு வளைந்த ஒரு தண்டைப் பின்னே தள்ள, அத்தண்டு போல்ட்டைச் சுழற்றித் திறக்கிறது. குண்டு குழலை விட்டு நீங்கும் தறுவாயில்தான் வாயு தன் வேலையைத் தொடங்குகிறது என்பது துல்லியத்துக்கு அனுகூலமே. ஆனால், அந்தச் சிலிண்டர் குழலின் நுனியிலேயே தொங்குகிறது. முன்குறி அந்தச் சிலிண்டரின்மீதே அமர்ந்திருக்கிறது. நீண்ட தண்டு குழலுக்கடியில் கட்டையை ஒட்டி ஓடுகிறது. சிலிண்டர் சிறிது ஆடினால் குறியும் ஆடும். தண்டு ஓரிடத்தில் கட்டையை உரசினால் குழலின் அதிர்வே மாறும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது மரக்கட்டை. குழலின் பின்முனையைத் தாங்கும் ரிசீவர் என்னும் இரும்புப் பகுதியைத் திருகாணி எதுவும் மரத்தோடு பிணிப்பதில்லை. விசையைச் சுற்றியுள்ள வளையத்தை மூடும்போது அதன் கொக்கிகள் ரிசீவரைக் கீழ்நோக்கி இழுத்து மரத்தின்மீது அழுத்துவதுதான் ஒரே பிடிமானம். களத்தில் ஒரு வீரன் கருவி எதுவுமின்றித் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பதற்கு இது அற்புதமான ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் மரம் சிறிது நசுங்குகிறது. மழைக்காலத்தில் மரம் ஊதுகிறது, வெயிலில் சுருங்குகிறது. நேற்று ரிசீவர் எந்த அழுத்தத்தில் மரத்தில் அமர்ந்திருந்ததோ அதே அழுத்தத்தில் இன்றும் அமர்ந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. படைக்குச் சாதாரணமாக வழங்கப்பட்ட காரண்ட், படைக்குரிய தோட்டாவோடு, மூன்று நான்கு கலைக்குள் சுடுவதே வழக்கம் என்று அதனோடு பழகியவர்கள் கூறுவது வியப்பன்று. போர்க்களத்துக்கு அது போதும். காம்ப் பெர்ரியின் 600 கஜக் கோட்டுக்குப் போதாது.

எனவே போட்டிக்கென்று காரண்டைப் பக்குவப்படுத்தும் ஒரு கைத்திறன் பிறந்தது. ரிசீவர் அமரும் இடத்தில் மரத்தைச் செதுக்கி, கண்ணாடி இழை கலந்த எபாக்ஸி பிசினை நிரப்பி, அது இறுகுவதற்கு முன் ரிசீவரை அதில் அமர்த்தி, இரும்பின் அச்சு அப்படியே பதியும்படி செய்வார்கள். வளையம் மூடுகையில் நல்ல இறுக்கத்தோடு பூட்டுமாறு பார்ப்பார்கள். சிலிண்டர் ஆடாதபடி குழலில் அது பொருந்தும் பற்களை இறுக்குவார்கள். குழலை மூடும் மேற்கட்டை, தண்டையோ குழலைச் சுற்றிய வளையத்தையோ தொடாதவாறு இழைப்பார்கள். பின்குறியில் ஒரு சுண்டுக்கு ஒரு கலை நகர்வதற்குப் பதிலாக அரைக் கலை நகரும் நுண்ணிய திருகை வைப்பார்கள். இவ்வளவும் செய்த பிறகு அதே காரண்ட் இரண்டு கலைக்குள் அடங்கி, சில வேளைகளில் அதற்கும் குறுகிச் சுட்டது. ஆனால் இந்தத் துல்லியம் பேணப்பட வேண்டிய துல்லியம்: துப்பாக்கியை அடிக்கடி கழற்றலாகாது, பிசின் தேய்ந்தால் மீண்டும் இட வேண்டும், கைதேர்ந்த ஆயுத வினைஞர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

1957-இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எம்-14, காரண்டின் நேர் வாரிசு. தோட்டா சற்றுக் குறுகி 7.62 மில்லிமீட்டர் நேட்டோ அளவாயிற்று. கழற்றி மாட்டக்கூடிய 20 தோட்டா மேகசின் வந்தது. குழல் 22 அங்குலமாயிற்று. வாயுச் சிலிண்டர் குழல்வாயை விட்டுப் பின்னே நகர்ந்தது, தண்டு குறுகிற்று, பிஸ்டன் சிறிது தூரமே ஓடி வாயுவைத் தானே அடைத்துக்கொள்ளும் ஒரு நுட்பமான ஏற்பாடும் சேர்ந்தது. குழலின் நுனியிலிருந்த பாரம் குறைந்ததும் தண்டு குறுகியதும் துல்லியத்துக்கு நன்மை செய்தன. ஆயினும் மூலக்குறை தீரவில்லை. ரிசீவர் இன்னும் மரத்தில்தான் அமர்ந்தது. பிடிமானம் இன்னும் அதே விசை வளையம்தான். முன்குறியோ இப்போது சுடர்மறைப்பானின்மீது ஏறி உட்கார்ந்தது. 1964-ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், போட்டித் திடலில் இத்துப்பாக்கி கால் நூற்றாண்டுக்கு மேல் கோலோச்சியதற்குக் காரணம், காரண்டில் கற்ற வித்தைகள் யாவும் இதன்மீது முழுமை பெற்றதுதான்.

அந்த வித்தையைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். கனமான குழல் பொருத்தப்படுகிறது. சிலிண்டரும் அதைத் தாங்கும் வளையமும் தனித்தனியே அசையாதபடி ஒரே துண்டாகப் பற்றவைக்கப்படுகின்றன. சுடர்மறைப்பானின் உட்துளை, குண்டின் விளிம்பைத் தவறியும் தொடாதவாறு அகலமாக்கப்படுகிறது. ரிசீவரின் பின்புறத்தில் ஓர் இரும்புக் கட்டியை ஒட்டவைத்து, அதைக் கட்டையோடு திருகாணியால் பிணைக்கும் வழக்கமும் பின்னர் வந்தது. காரண்டின் வடிவத்திலேயே இல்லாத ஒரு பிடிமானத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இத்தகைய எம்-14, போட்டிக்கென்று தயாரிக்கப்பட்ட 173 கிரெயின் எடைக் குண்டோடு, ஒன்றரைக் கலையை ஒட்டிச் சுடுவது சாதாரணமாயிற்று. இதன் தோள் உதையைத் தாங்கிக்கொண்டு, 300 கஜத்தில் 70 விநாடிகளுக்குள் படுத்து, இரண்டு தோட்டாக்களைச் சுட்டு, மேகசினை மாற்றி, மீதி எட்டையும் ஒரு வட்டத்துக்குள் இட்ட வீரர்களின் சாமர்த்தியம் போற்றத்தக்கது. முதலில் இரண்டு, பின் எட்டு என்னும் அந்தக் கணக்குங்கூடக் காரண்டின் எட்டுத் தோட்டாக் கவ்வி விட்டுச்சென்ற மரபே.

எம்-16 அடியோடு வேறு வம்சம். 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வகுத்த வடிவத்திலிருந்து கிளைத்த இத்துப்பாக்கி, தொடக்கத்தில் இலக்குச் சுடுவோரிடம் பெற்றது இகழ்ச்சியே. அதன் 55 கிரெயின் குண்டு மிக இலேசானது. 600 கஜத்துக்குள் காற்று அதை இழுத்துக்கொண்டு போய்விடும். குறிகள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமும் குறைவு: காரண்டில் ஏறத்தாழ 28 அங்குலம், எம்-14-இல் ஏறத்தாழ 27, எம்-16-இலோ 20-க்கும் சற்றுக் குறைவு. அதாவது, முன்குறியை அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்கு விலக்கிப் பார்த்தால் காரண்டில் எட்டிலொரு கலைப் பிழை. எம்-16-இல் ஆறிலொரு கலைக்கும் மேல். இத்தனை பாதகங்களும் இருக்க, 1990-களின் நடுப்பகுதியில் அமெரிக்க இராணுவத்தின் குறிச்சூட்டுப் பிரிவு இதைக் கையிலெடுத்த சில ஆண்டுகளிலேயே காம்ப் பெர்ரியின் சுடுகோட்டிலிருந்து எம்-14 ஏறத்தாழ மறைந்துபோனது எதனால்?

குண்டின் குறையைத் தீர்த்தது குழலின் புரி. 1980-களின் தொடக்கத்தில் வந்த எம்-16ஏ2-இல் உட்புரி 7 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக நெருக்கப்பட்டது. வேகமாகச் சுழலும் குண்டு நீளமாகவும் கனமாகவும் இருந்தும் நிலைகுலையாது என்பதால், 69, 77, 80 கிரெயின் எடையுள்ள போட்டிக் குண்டுகளுக்கு வழி பிறந்தது. 80 கிரெயின் குண்டு பூட்டிய தோட்டா மேகசினுக்குள் அடங்காத நீளமுடையது. அதனால் 600 கஜத்தில் அதை ஒவ்வொன்றாகக் கையால் அறையில் இட்டுச் சுடுகிறார்கள். காற்றை எதிர்த்து நிற்பதில் அது பழைய 7.62 குண்டுகளுக்கு ஏறத்தாழச் சமம். தோள் உதையோ அவற்றைவிட மிகக் குறைவு. உதை குறையும்போது விரைவுச் சூட்டில் துப்பாக்கி குறியை விட்டு அதிகம் விலகுவதில்லை. நீண்ட நாள் பயிற்சியில் சுடுபவரின் தோளும் மனமும் களைப்பதில்லை.

ஆனால் வெற்றியின் ஆழ்ந்த காரணம் வடிவத்திலேயே இருக்கிறது. எம்-16-இல் போல்ட்டின் பற்கள் குழலின் பின்னீட்சியிலேயே நேராகப் பூட்டுகின்றன. சூட்டின் பெருவிசையை ரிசீவர் தாங்க வேண்டியதில்லை. குழலுக்கடியில் ஓடும் கனத்த தண்டு இல்லை. மெல்லிய குழாய் ஒன்றின் வழியே வாயு நேராகப் பின்னே சென்று போல்ட்டின் தாங்கியைத் தள்ளுகிறது. ரிசீவரை அணைத்துக்கொள்ளும் மரக்கட்டையே கிடையாது. ஆகவே ஊதவும் சுருங்கவும் நசுங்கவும் எதுவுமில்லை. முன்கைப்பிடிக்குள் ஓர் உலோகக் குழாயை ரிசீவரோடு பிணைத்து, தோல்வாரின் வளையத்தை அதில் மாட்டிவிட்டால், குழல் எதையும் தொடாமல் தனித்து நிற்கிறது. வாரின் இழுப்பு குழலை வளைத்து, குண்டு விழும் இடத்தையே மாற்றிவிடும் என்பது பழைய துப்பாக்கிகளைக் கையாண்டோர் நன்கறிந்த தொல்லை. இந்த ஒரு மாற்றத்தால் அது அற்றுப்போயிற்று. ஒரு நல்ல குழலையும் இந்தக் குழாயையும் பொருத்திய ஏ.ஆர்.-15 ஒரு கலையை ஒட்டியும், பெரும்பாலும் அதற்குக் குறைந்தும் சுடுகிறது. கழற்றித் துடைத்துப் பூட்டிய மறுநாளும் அவ்வாறே சுடுகிறது.

பெல்ஜியத்தில் பிறந்த ஃபால் என்னும் துப்பாக்கியை இங்கு நினைத்துப் பார்ப்பது பொருத்தம். இந்தியப் படைகள் நெடுங்காலம் ஏந்திய இஷாப்பூர் எஸ்.எல்.ஆர். அதன் வழிவந்ததே. உறுதிக்கும் உழைப்புக்கும் பேர்பெற்ற அத்துப்பாக்கியில் முன்குறி குழலின்மீதும், பின்குறி கீலில் மடங்கும் கீழ்ப்பாதியின்மீதும் அமைந்துள்ளன. கீல் சற்றுத் தேய்ந்து இரு பாதிகளுக்கும் இடையே தளர்ச்சி தோன்றினால், குழல் நோக்கும் திசைக்கும் கண் நோக்கும் திசைக்கும் இடையிலான உறவே தளர்ந்துவிடும். ஏ.ஆர்.-15-உம் இரு பாதிகளாக மடங்குவதுதான். ஆனால் அதில் குழலும் இரு குறிகளும் மேற்பாதியிலேயே ஒன்றுசேர்ந்திருப்பதால், கீழ்ப்பாதி எவ்வளவு ஆடினாலும் அந்த உறவு குலைவதில்லை. தளர்ச்சி எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று தெரிந்து வகுப்பதே வடிவமைப்பின் சூட்சுமம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இந்த இடத்தில் ஒப்பீட்டு முறையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூறியாக வேண்டும். மூன்று குண்டுகளைச் சுட்டு, அவற்றுள் மிக விலகிய இரண்டுக்கு இடையிலுள்ள தூரத்தை அளந்து, இதுவே என் துப்பாக்கியின் துல்லியம் என்று சாதிப்பது பரவலான வழக்கம். சிதறல் இயல்பான பரவல் விதிக்கு உட்பட்டதென்று கொண்டால், ஒரே துப்பாக்கி மூன்று குண்டுகளில் சராசரியாக ஒரு கலை காட்டுமானால், ஐந்து குண்டுகளில் ஒன்றேகால் கலைக்குச் சற்று மேலும், பத்துக் குண்டுகளில் ஒன்றரைக் கலைக்கு மேலும் காட்டும். துப்பாக்கி மாறவில்லை, நாம் கேட்ட சாட்சிகளின் எண்ணிக்கைதான் மாறிற்று. அன்றியும் மூன்று குண்டுத் தொகுதிகள் தமக்குள்ளேயே மிக வேறுபடுவதால், அவற்றுள் சிறந்ததை மட்டும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். பத்து அல்லது இருபது குண்டுகளைச் சுட்டு, அவற்றின் மையத்திலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியதென்று அளந்து சராசரி காண்பதே நேர்மையான பரீட்சை. அந்தப் பரீட்சையில், பக்குவப்பட்ட காரண்டுக்கும் எம்-14-க்கும் இடையிலுள்ள வேறுபாடு பலரும் எண்ணுவதைவிடச் சிறியதாகவும், அவ்விரண்டுக்கும் ஏ.ஆர்.-15-க்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரியதாகவும் புலப்படும். வடிவத்தின் வம்சம் எங்கே முறிந்ததோ, அங்கேதான் துல்லியமும் ஒரு படி தாண்டியது.

இதனால் முன்னவை இரண்டையும் குறைத்து மதிப்பது நியாயமாகாது. மரத்தோடும் இரும்போடும் போராடி, அந்த வடிவம் தராத நிலைபேற்றை அதற்கு வலிந்து தந்த வினைஞர்கள்தாம், எது அசையக் கூடாது என்பதை உலகுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தவர்கள். பிசின் இட்டதும், சிலிண்டரோடு அதன் வளையத்தைப் பற்றவைத்ததும், மேற்கட்டையை விலக்கியதும் ஆகிய ஒவ்வொரு திருத்தமும், குழல் தன்னைச் சுற்றியுள்ளவற்றோடு கொண்ட ஏதோ ஓர் உறவை நிலைப்படுத்தவோ அறுக்கவோ செய்த முயற்சியே. நிலைப்படுத்த வேண்டிய உறவுகள் காரண்டில் பல. எம்-14-இல் சில குறைந்தன. எம்-16-இல் பெரும்பாலானவை வடிவத்திலேயே இல்லாமற் போயின. நல்ல குழல் எதற்கும் கிடைக்கும், நல்ல தோட்டா எல்லாவற்றுக்கும் பொது. மாறாமையை எவ்வளவு குறைந்த முயற்சியில் காப்பாற்றலாம் என்பதில்தான் இம்மூன்றும் வேறுபடுகின்றன.

காம்ப் பெர்ரியில் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு சூட்டையும் தம் குறிப்பேட்டில் இருமுறை பதிவார்கள்: விசை விடுபட்ட கணத்தில் முன்குறி எங்கே நின்றதோ அதை முதலிலும், குண்டு உண்மையில் எங்கே பட்டதோ அதைப் பின்னரும். இரண்டு புள்ளிகளும் ஒத்துவந்தால், இடப்பக்கம் போன குண்டு தம் கையின் பிழையென்று அறிந்து திருந்துகிறார்கள்; ஒத்துவராவிட்டால், பிழை தம்முடையதா, காற்றினுடையதா, கருவியினுடையதா என்று பகுத்துணரும் வழியே அடைபட்டுப்போகிறது. துல்லியமான துப்பாக்கி சுடுபவரை நிபுணராக்கிவிடுவதில்லை. அவர் செய்த பிழையை மறைக்காமல் அவருக்கே காட்டுகிறது. நின்று சுடுவதில் நூற்றுக்கு எண்பது எடுப்பவருக்கு ஏ.ஆர்.-15 பத்துப் புள்ளிகளைக் கூடுதலாக வழங்கப்போவதில்லை. ஆனால் இழந்த இருபதும் தாம் இழந்தவையே என்று அவர் ஐயமின்றி அறிந்துகொள்ளச் செய்யும். அவ்வாறு அறிந்தவருக்கே பயிற்சி பலிக்கும். கருவிகளின் துல்லியத்தை இவ்வளவு விஸ்தாரமாக ஆராய்வதன் பிரயோஜனமும் அதுவே.